கம்பெனி கொடுத்த வீடு

1690-ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்து ஆட்சி செய்த மராட்டிய மன்னர் ராஜாராமிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு சேர வேண்டிய நிலத்தின் எல்லையைப் பீரங்கியால் அளந்தார்கள். கோட்டையிலிருந்து நாற்புறமும் குண்டு சுடுவது, அது போய் விழுகிற தூரத்துக்குள் அகப்படும் ஊர்களெல்லாம் கம்பெனியைச் சேர்ந்தவை என்று கொள்வது என்பதே ஏற்பாடு. அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. அன்று காலையில் மராட்டியரின் குடியாக ஏரைக் கட்டிக்கொண்டு போனவன், மாலையில் அதே திண்ணையில் வந்து உட்காரும்போது கம்பெனியின் குடியாகிவிட்டிருந்தான். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் அதிகாரம் உடையவர் யார் என்பது மட்டும் வானத்தில் பறந்த ஒரு குண்டினால் தீர்மானமாயிற்று.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், வேல்ஸ் தேசத்தாரின் காவல் புனிதருடைய பெயரை வைத்துக் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று நாமகரணம் செய்தார். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரையில் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமைப் பீடம் இந்தத் தேவனாம்பட்டினமே. நெசவாளரும் சாயமிடுவோரும் துபாஷிகளும் சிப்பாய்களும் குடும்பம் குடும்பமாக வந்து கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். கோட்டையின் சரித்திரத்தை அறிய நமக்கு ஏடுகள் ஏராளம் உண்டு. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பிலும் தேவனாம்பட்டினத்துச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆனால் அந்தக் குடியிருப்புகளில் ஒரு நெசவாளியின் வீட்டுத் தறிக்குழி எங்கே இருந்தது, அவன் மனைவி எந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தினாள் என்பதைச் சொல்ல எந்த ஏடும் இல்லை. கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே சில சிதிலங்கள் கிடக்கின்றன. கம்பெனிக்கு முன்பும் பின்பும் அங்கே வாழ்ந்து வருகிறவர்கள் மீனவர்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அவர்களுடைய வீடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

இந்தப் பழைய கதையை நான் இங்கே எடுத்ததற்குக் காரணம், இதே மாவட்டத்தில் நம் கண்ணெதிரே இன்னொரு கம்பெனி ஊர் பிறந்து, வளர்ந்து, இன்று முதுமையை எட்டியிருக்கிறது என்பதுதான். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக மேற்கே போனால் வரும் நெய்வேலியைத்தான் சொல்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளொன்று மேலே வந்ததும், அவரே பிற்பாடு தம் நிலத்தைப் பழுப்பு நிலக்கரி எடுக்கும் காரியத்துக்குக் கொடுத்ததும் ஊரறிந்த செய்தி. 1956-இல் அரசாங்க ஸ்தாபனமாகப் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கியது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று. காடும் முந்திரித் தோப்பும் புன்செயுமாகக் கிடந்த பிரதேசத்தில், அகன்ற சாலைகளும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் வட்டம் என்று வழங்கும் முப்பதுக்கு மேற்பட்ட குடியிருப்புப் பகுதிகளும் கொண்ட நகரியம் எழுந்தது.

அந்த நகரியத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுடைய ஞாபகங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் மீண்டும் மீண்டும் படுகிறது. மற்ற ஊர்க்காரர் தம் வீட்டைப் பற்றிப் பேசும்போது தாத்தா கட்டியது, அப்பா மாடி எடுத்தது, பாகப்பிரிவினையில் அண்ணனுக்குப் போனது என்று வம்ச வரலாறாகச் சொல்வார்கள். நெய்வேலிக்காரர் வீட்டைச் சொல்வது வட்டத்தின் எண்ணாலும் டைப்பின் எழுத்தாலும்தான். அப்பாவுக்கு உத்தியோகம் உயர்ந்தால் குடும்பம் பெரிய டைப்புக்கு மாறும்; ஆகையால் ஒரே தகப்பனாருடைய மூத்த பிள்ளையின் ஞாபகத்தில் இருக்கும் வீடு வேறு, கடைசிப் பெண்ணின் ஞாபகத்தில் இருக்கும் வீடு வேறு. ஒரே வட்டத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளாகையால், அடுத்த வீட்டு அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு போய் உப்பு எடுத்து வரலாம் என்று பெண்கள் சொல்வதுண்டு.

என் சிற்றப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட விடுமுறைகளில் நாங்கள் கடலூரிலிருந்து அங்கே போய்த் தங்குவோம். கரியைப் பதப்படுத்தி உருட்டிய லெக்கோ என்னும் எரிபொருள்தான் அப்போது அடுப்பில் எரியும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் புகையில்லாமல் நின்று எரியும் அதன் தணலில் சித்தி காலையில் பாலும் மாலையில் வெந்நீரும் வைப்பாள். சிற்றப்பாவுக்கு இரவு ஷிப்டு என்றால் பகலெல்லாம் ஜன்னலுக்குப் போர்வை தொங்கும். நாங்கள் பின்கட்டில்தான் விளையாட வேண்டும். அந்தப் பின்கட்டில் ஓர் ஆட்டுக்கல்லைச் சிமெண்டு வைத்துத் தரையோடு பதித்திருந்தார்கள். அது சித்தி வாங்கியதன்று. முன்பு குடியிருந்த குடும்பம் பெயர்க்க முடியாமல் விட்டுப்போனது. குழவி மட்டும் சித்தியுடையது.

தோட்டத்தில் ஒரு பலாக்கன்று நின்றது. பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையைச் சித்தியே ஊன்றி முளைக்க வைத்தது. கொட்டையில் வரும் பலா காய்ப்புக்கு வரப் பல வருஷம் ஆகும். மரம் காய்க்கும் முன்பே சிற்றப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து வேறு வட்டத்துக்கு மாற நேர்ந்தது. வீட்டைப் பார்க்க வந்த புதுக் குடும்பத்துப் பெண்ணிடம் சித்தி, “எதை வேணும்னாலும் மாத்திக்கோம்மா, அந்தப் பலாவை மட்டும் வெட்டிடாதே, இன்னும் ரெண்டு மூணு வருஷத்திலே காய்ச்சிடும்” என்றாள். அந்தப் பெண்ணும் வெட்டவில்லை. முதற்காய்ப்பில் பழுத்த பழமொன்று சைக்கிள் கேரியரில் கட்டப்பட்டுச் சித்தியின் புது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்படிப் பழம் வந்து சேர்வது அந்நகரியத்தில் அபூர்வமான காரியமன்று என்பதைப் பிற்பாடு பலர் வாயிலாக அறிந்தேன். பட்டா இல்லாத மனையில், மரத்தை வைத்தவருக்கு மரியாதை செய்யும் ஒரு தர்மத்தை அந்த ஜனங்கள் தாமாகவே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். எழுதிவைத்த சட்டங்கள் பலவற்றைக் காட்டிலும் அது உயர்ந்தது என்பது என் துணிவு.

ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். விளக்கு எத்தனை, குழாய் எத்தனை, எந்தக் கதவில் தாழ்ப்பாள் பழுது என்று ஜாபிதா வைத்துச் சரிபார்த்துச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய இடம் ஒரு முற்பகலில் எண்ணி முடிக்கப்பட்டுவிடும். சொந்த ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு நெய்வேலியே சொந்த ஊராகிவிட்டபடியால், வடலூரிலும் இந்திரா நகரிலும் மனை வாங்கி, நகரியத்தின் எல்லையை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டவர்கள் அநேகர்.

இந்த ஞாபகங்களுக்கெல்லாம் அடியில் இன்னொரு ஞாபகம் புதைந்து கிடக்கிறது. நகரியமும் சுரங்கமும் வருவதற்கு முன்பு அங்கே கிராமங்கள் இருந்தன. மண்சுவரும் கீற்றுக்கூரையும் மாட்டுக்கொட்டிலுமாக இருந்த அவ்வீடுகளை விட்டுப் பெயர்ந்தவர்களின் கதி, ஓய்வு பெற்ற ஊழியருடையதைப் போன்றதன்று. குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர் என்றைக்காவது அந்தத் தெருவழியே போய், வேற்றார் குடியிருக்கும் வீட்டை வாசலில் நின்றேனும் பார்த்துவரலாம். சுரங்கம் போன இடத்திலோ நிலமே இல்லை. கரியை மூடியிருக்கும் மண்ணையும் மணற்பாறையையும் ராட்சத இயந்திரங்கள் வெட்டி அகற்றுகின்றன. கரியின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாமல் இறைக்கிறார்கள். கரி எடுத்த பள்ளத்தை வேறிடத்து மண்ணால் தூர்த்து அதன்மேல் மரம் நடுகிறார்கள். தன் பாட்டன் வீடு இருந்த இடத்தைக் காட்டப் பேரன் கையை நீட்டினால், அந்த விரல் சுட்டுவது வெறும் ஆகாயத்தை, அல்லது வேற்று மண்ணில் வளர்ந்த காட்டை. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் நகரியத்துக்குள் நிலைத்து நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து வருவோரின் கூட்டத்தில், பெயர்ந்துபோன குடும்பங்களின் சந்ததியாரும் இருக்கிறார்கள்.

முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் கொதிகலன்களோடு வாலிபத்தைக் கழித்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டிய வயதினர். பழைய வட்டங்களின் வீடுகளும் அவர்களோடு மூப்படைந்துவிட்டன. அந்த முதியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கோடுபோட்ட நோட்டை வாங்கி, தாம் இருந்த வீட்டின் படத்தைத் தம் கையாலேயே வரைந்து, எந்த மரத்தை யார் வைத்தார், எந்தச் சுவரில் எந்தச் சாமி படம் மாட்டியிருந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். கிராமம் இழந்த குடும்பங்களிடம் அதற்கும் முன்னதாகப் போக வேண்டும். அங்கே கண்ணால் கண்டவர்கள் வெகு சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். வயல்களின் பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காக வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம்.