ஏடும் கருவியும்

அமெரிக்க நாட்டில் டேட்டன் என்னும் நகரில் மிதிவண்டிக் கடை ஒன்று இருந்தது. அதற்கு உரியவர்கள் ரைட் உடன்பிறந்தார் இருவர். வானிற் பறக்க விழைந்த அவர்கள், தமக்கு முன்னிருந்தோர் வெளியிட்ட கணக்கு அட்டவணைகளை முதலில் ஆராய்ந்தனர். அவற்றில் ஐயம் தோன்றவே, 1901 ஆம் ஆண்டில் தம் கடையிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களை அதனுள் வைத்துச் சோதித்தனர். இறக்கையின் இலக்கணம் தெளிவாயிற்று. எஞ்சின் ஒன்றே குறையாக நின்றது. தொழிற்சாலைகள் பலவற்றை வினவினர். இலேசானதும் ஆற்றல் மிக்கதுமான எஞ்சினைத் தர ஒருவரும் முன்வரவில்லை.

அக்கடையில் சார்லஸ் டெய்லர் என்னும் கம்மியர் ஒருவர் பணியாற்றி வந்தார். அவர் கல்லூரி வாயிலை மிதியாதவர். கடைசல் பொறி ஒன்றும் துளைப் பொறி ஒன்றும் துணையாக, துண்டுத் தாள்களில் வரைந்த படங்களை நோக்கி, ஆறே வாரங்களில் அவர் எஞ்சினைச் செய்து முடித்தார். அதன் கூடு அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. 8 குதிரைத்திறன் இருந்தால் போதும் என்று உடன்பிறந்தார் எண்ணியிருந்தனர். அதுவோ 12 குதிரைத்திறன் தந்தது. 1903 டிசம்பர் 17 ஆம் நாள் கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் மனிதனைச் சுமந்து எழுந்த ஊர்திக்கு உயிர் அளித்தது அந்த எஞ்சினே. ரைட் உடன்பிறந்தாரை உலகம் அறியும். டெய்லரை அறிந்தோர் சிலரே.

அக்கடையில் ஏடும் கருவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. வானூர்திகள் பெருகப் பெருக அவை பிரிந்து இரு வழிகளாயின. இன்று பன்னிரண்டாம் வகுப்பை முடித்து இத்துறையில் புக விரும்பும் மாணவர் முன் அவ்விரு வழிகளும் கிடக்கின்றன. ஒன்று, கல்லூரியிற் சேர்ந்து வானூர்திப் பொறியியலில் நான்காண்டு பயின்று பட்டம் பெறுதல். மற்றொன்று, வானூர்திப் பராமரிப்புப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து அரசின் உரிமம் பெறுதல். இவற்றுள் எது வேண்டும் என்பதில் பல இல்லங்களில் வழக்கு எழுகிறது. பட்டம் பெற்றவன் நாற்காலியில் அமர்வான், பயிற்சி பெற்றவன் எண்ணெய் படிந்த கையோடு நிற்பான் என்று கருதிப் பெற்றோர் முதல் வழியையே வற்புறுத்துவர். ஏடு சலித்த பிள்ளையோ, இரண்டாம் வழியிற் சென்றால் படிப்புத் தொல்லை ஒழியும் என்று எண்ணுகிறான். இருவர் எண்ணமும் பிழையே.

உலகில் முதன்முதலாகப் பயணிகளைச் சுமந்த ஜெட் வானூர்தி, இங்கிலாந்து நாட்டார் செய்த காமெட் என்பது. அது 1952 ஆம் ஆண்டில் பயணத்திற்கு வந்தது. 1954 ஆம் ஆண்டில் ஜனவரித் திங்களில் ஒன்றும் ஏப்ரல் திங்களில் ஒன்றுமாக இரு காமெட் ஊர்திகள் நடுவானில் சிதைந்து மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. பார்ன்பரோ என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர், முழு ஊர்தி ஒன்றின் உடலைப் பெரிய நீர்த் தொட்டியில் அமிழ்த்தினர். வானில் ஏறி இறங்கும்போது உடலினுள் காற்றழுத்தம் எவ்வாறு மிகுந்து குறையுமோ, அவ்வாறே நீரை உட்செலுத்தியும் வெளியேற்றியும் மீண்டும் மீண்டும் சோதித்தனர். இறுதியில் உடல் பிளந்தது. கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் அஃது ஓரிடத்தில் ஒடிவது போல, உடலில் வெட்டப்பட்ட திறப்பின் மூலையில் உலோகம் களைத்துப் போயிருந்தது. அவ்வறிஞர்தம் கல்வியின் பயன் பின்வந்த வானூர்திகள் அனைத்திலும் உண்டு. இன்றைய ஊர்திகளின் சன்னல்கள் மூலை மழுங்கி வளைந்திருப்பதை எவரும் காணலாம். கல்லூரி வழியின் பெருமை இத்தகையது.

இனி மற்றொரு நிகழ்ச்சி. 1990 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து வானூர்தி ஒன்று ஸ்பெயின் நாட்டிற்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 17,000 அடி உயரத்தில் விமானிகளின் முன்னிருந்த கண்ணாடிகளுள் ஒன்று பெயர்ந்து பறந்தது. உள்ளிருந்த காற்று பீறிட்டு வெளியேற, தலைமை விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களை இறுகப் பற்றிக்கொண்டனர். துணை விமானி மனந்தளராது ஊர்தியைச் செலுத்திச் சவுதாம்ப்டன் நகரில் இறக்கினார். தலைமை விமானியும் பிழைத்தார். உயிரிழந்தார் ஒருவரும் இலர் என்பது வியப்பே.

அக்கண்ணாடி, புறப்பாட்டிற்கு 27 மணி நேரத்திற்கு முன்னர்தான் புதிதாகப் பொருத்தப்பட்டது. அதனைப் பிணித்தவை போல்ட் எனப்படும் 90 மரையாணிகள். அவற்றுள் 84 ஆணிகள் இருக்க வேண்டிய விட்டத்திற்கு 0.66 மில்லிமீட்டர் சிறியவை. எஞ்சிய ஆறும் நீளத்திற் குறைந்தவை. நகத்தின் பருமனளவே ஆன வேறுபாடு! பொருத்தியவர் அனுபவம் இல்லாதவர் அல்லர், பல்லாண்டு பணியாற்றியவர். அவர் பழைய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டுக் கண்ணளவாற் புதியவற்றைப் பொறுக்கினார். பாகங்களின் அளவைக் கூறும் ஏடு இருந்தும், அதனைப் புரட்டிப் பார்த்திலர். கை தவறவில்லை, ஏட்டை நோக்காமையே தவறாயிற்று.

பராமரிப்புப் பயிற்சி படிப்புக்கு விடை கொடுக்கும் வழி அன்று என்பது இதனால் விளங்கும். இந்நாட்டில் இதற்குரிய உரிமத்தை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றைப் பயின்றோர் இப்பயிற்சியிற் சேரலாம். கணிதம், மின்னியல், மின்னணுவியல், காற்றியக்கவியல், உலோகங்களின் இயல்பு, எஞ்சின் அமைப்பு, வானூர்திச் சட்டம் எனப் பாடங்கள் பல. மனிதர் களைப்பாலும் அவசரத்தாலும் எவ்வாறு பிழை செய்கின்றனர் என்பதும் அங்கே தனிப் பாடம். பாடந்தோறும் நூற்றுக்கு 75 மதிப்பெண் பெற்றாலன்றித் தேர்ச்சி இல்லை. பள்ளியில் 35 பெற்று மகிழ்ந்தோர் இதனைக் கருதுவாராக. தேர்வோடு நில்லாது, பணியிலுள்ள வானூர்திகளில் செய்முறை அனுபவமும் பெறுதல் வேண்டும். எஞ்சினையும் உடலையும் பேணுவோர்க்கு ஒரு பிரிவு உரிமம். மின்னணுக் கருவிகளைப் பேணுவோர்க்கு மற்றொரு பிரிவு. அதன் பின்னும் ஊர்தியின் வகைக்கு ஏற்பத் தனிப் பயிற்சி உண்டு. போயிங் 737 ஒன்றற்கே தகுதி பெற்றவர் ஏர்பஸ் 320 ஊர்திக்குச் சான்று அளித்தல் இயலாது. பழுது நீக்கிய ஊர்தி பறத்தற்கு ஏற்றது என்று உரிமம் உடையவர் கையொப்பமிடும் வரை அது தரையிலேயே நிற்கும். வானூர்திப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறிய பட்டதாரியாயினும், உரிமம் இல்லையேல் அக்கையொப்பத்தை இட அவருக்கு உரிமை இல்லை.

தமிழ் வழியிற் பயின்றோர் சிலர், பராமரிப்பு ஏடுகள் ஆங்கிலத்தில் இருத்தலை எண்ணி அஞ்சுவர். அவ்வேடுகள் பலவும் எளிமைப்படுத்தப்பட்ட ஒருவகை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அதற்குரிய விதிநூல் 1986 ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே கொள்ளல் வேண்டும், வாக்கியம் குறுகியிருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். 'மூடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'அருகில்' என்றும் பொருள் தரும். இவ்வேடுகளில் அதற்கு முதற் பொருள் மட்டுமே. இலக்கணம் கற்ற மாணவர்க்கு இந்நடை பிடிபட நெடுநாள் ஆகாது.

கைவினையைக் கல்வியினின்று வேறாக்கித் தாழ்த்தும் வழக்கம் தமிழில் எக்காலத்தும் இருந்தது என்று சொல்லுதற்கில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்குக் கயிறிட்டு மனை வகுக்கும் சிற்ப நூல் வல்லாரை அதன் ஆசிரியர் நக்கீரர் புலவர் என்றே குறிக்கின்றார்.

கல்லூரி வழியின் இயல்பு வேறு. காற்றின் ஓட்டம், கட்டமைப்பின் வலிமை, வெப்பவியல் முதலியவற்றை அடிப்படையிலிருந்து ஆராய்வது அது. புதிய ஊர்தியை வகுக்கவும் ஆராய்ச்சி நிலையங்களிற் பணியாற்றவும் விரும்புவோர்க்கு அதுவே வழி. பராமரிப்பு உரிமம் அங்கே பட்டத்திற்கு ஈடாகாது. சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்ப நிலையம் 1949 ஆம் ஆண்டில் இராஜம் என்பவரால் நிறுவப்பட்டது. இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் அங்கே வானூர்திப் பொறியியல் பயில இடம் பெற்றபோது, கட்டணத்திற்கு வழியின்றி நின்றார். அவர்தம் தமக்கையார் தம் பொன்வளைகளை அடகு வைத்துப் பொருள் தந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாமே அவ்விளைஞர். பறக்கும் பணியினின்று நீக்கப்பட்ட இரு வானூர்திகள் அந்நிலையத்தில் மாணவர் காண வைக்கப்பட்டிருந்தன. ஏனைய மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னரும் கலாம் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். அங்கிருந்து அவர் சென்றது பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு. ஆங்கே பயிற்சியாளராக எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் குழுவில் இருந்து கையால் வேலை கற்றார். பட்டத்திற்குப் படித்தவரும் எண்ணெய்க் கையைத் தவிர்க்கவில்லை.

ஆதலின் மாணவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழுதுற்ற கடிகாரத்தைக் கண்டால், அதனைத் திறந்து குறையை நீக்கி மீண்டும் ஓடச் செய்வதில் மனம் செல்கிறதா? அன்றி, இவ்வாறு ஏன் அமைத்தனர், வேறு வகையில் அமைத்தல் கூடுமா என்று தாளில் வரைந்து பார்ப்பதில் செல்கிறதா? முன்னவர்க்குப் பயிற்சிக்கூடமும் பின்னவர்க்குக் கல்லூரியும் பெரும்பாலும் பொருந்தும். அயலார் மகன் எங்குச் சேர்ந்தான் என்பது இவ்வினாவிற்கு விடையாகாது.

பெற்றோர் கருத வேண்டியதும் ஒன்று உண்டு. பராமரிப்புப் பயிற்சிக்குக் கட்டணம் பெரிது. தேர்வுகளை முடித்து உரிமம் கைக்கு வரும் வரை பொறுமையும் வேண்டும். பளபளப்பான விளம்பரமும் சீருடையும் கண்டு மயங்கிப் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உளர். தலைமை இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற பயிற்சிக்கூடங்கள் எவை, அவ்வொப்புதல் எந்தப் பிரிவுக்கு உரியது என்னும் விவரத்தை இயக்ககம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டுள்ளது. கட்டணம் செலுத்துவதற்கு முன்னர் அப்பட்டியலை ஒருமுறை நோக்குதல் வேண்டும். பயிற்சிக்கூடத்தின் தாழ்வாரத்தில் மெய்யான எஞ்சின் இருக்கின்றதா, மாணவர் அதனைத் தொட்டுப் பிரிக்க விடப்படுகின்றனரா என்பதையும் நேரிற் சென்று பார்த்து வருதல் நன்று.