புயலைக் கணித்த பள்ளிக்கூடம்

1865இல் பிலிப்பைன்ஸின் மணிலாவைப் புயல் ஒன்று தாக்கியது. அந்நகரில் இயேசு சபையினர் நடத்திய பள்ளியில், இன்னும் குருப்பட்டம் பெறாத ஓர் இளைஞர், கையில் இருந்த எளிய கருவிகளைக் கொண்டு புயல் நேரத்துக் காற்றழுத்தத்தைக் குறித்துவைத்தார். சபைத் தோழர் ஒருவர் அதை நாளிதழில் எழுத, துறைமுக வணிகர்கள் பள்ளியைத் தேடி வந்தார்கள். ரோமில் இருந்த இயேசு சபை வானியலாளர் ஆஞ்சலோ செக்கி, வானிலையின் பல அளவுகளைத் தானே தாளில் வரையும் கருவி ஒன்றை அப்போது உருவாக்கியிருந்தார். அதை வாங்க வணிகர்கள் பணம் தர முன்வந்தார்கள். மணிலா வானாய்வகம் தொடங்கிய கதை இதுதான். 1879 ஜூலையில் அதன் இயக்குநர் பெதரிகோ பௌரா, லூசோன் தீவின் வடபகுதியைக் கடந்து ஒரு புயல் போகப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தார். அந்தப் பகுதியில் அறிவியல் முறையில் தரப்பட்ட முதல் புயல் எச்சரிக்கைகளில் அது ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் மணிலாவையே புயல் தாக்கும் என்றார், தாக்கியது. 1884இல் ஸ்பெயின் அரசு அந்த ஆய்வகத்துக்கு அதிகாரபூர்வ ஏற்பு தந்தது. பின்னால் வந்த அமெரிக்க ஆட்சி 1901இல் அதையே நாட்டின் வானிலைத் துறையாக்கியது.

கத்தோலிக்கக் கல்வியும் பருவநிலை மாற்றமும் என்று பேச்செடுத்தால் இந்தப் பழைய கதையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். சமய நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி என்றால் இன்று பெரும்பாலும் நமக்குத் தெரிவது உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று, ஓர் ஓவியப் போட்டி, படைப்பைப் பாதுகாப்போம் என்று ஒரு பிரார்த்தனை. இவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உலகெங்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 6 கோடிக்கும் அதிகமான பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் அமைப்பிடம் இதைவிட அதிகமாகக் கேட்கலாம். நம்பிக்கை கல்விக்குத் தரக்கூடிய பெரிய கொடை உருக்கமான பேச்சு அல்ல. நாள்தோறும் அலுக்காமல் அளந்து குறிக்கும் பொறுமையும், அப்படிக் கிடைத்த அறிவை ஆபத்தில் இருப்பவரிடம் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையுணர்வும்தான் அது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. வெறும் ஆர்வம் மட்டும் இருந்த இடத்தில் பணமும் உழைப்பும் சேற்றில் போயிருக்கின்றன.

சேறு என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. பிலிப்பைன்ஸ் கடற்கரையில் அலையாத்திக் காடு வளர்ப்பதற்குப் பல ஆண்டுகளாகப் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. நடுவது பெரும்பாலும் சுரபுன்னை இனம். அதன் முளைக்குச்சி நீளமாக, பேனா போலக் கைக்கு அடக்கமாக இருக்கும். குனிந்து சேற்றில் செருகினால் வேலை முடிந்தது. நூறு மாணவர்கள் ஒரு காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடலாம், படமும் நன்றாக வரும். சிக்கல் என்னவென்றால், அலை நேராக வந்து மோதும் கடல்முகத்தில் இயற்கையாக நிற்பவை வெண்கண்டல் போன்ற வேறு இனங்கள். சுரபுன்னைக்கு உரிய இடம் பெரும்பாலும் கழியோரமும் உட்பகுதியும். ஏற்ற நிலமெல்லாம் முன்பே இறால், மீன் குட்டைகளாகிவிட்டதால், யாருக்கும் சொந்தமில்லாத சேற்றுத் திட்டுகளிலும் கடற்புல் படுகைகளிலும் கொண்டுபோய் நட்டார்கள். அங்கே நாளின் பெரும்பகுதி கன்று நீரில் மூழ்கிக் கிடக்கும். யுர்ஜென் பிரிமவேரா என்ற பிலிப்பைன்ஸ் அறிவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, நட்டவற்றில் நீண்ட காலம் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடுதான். போதாக்குறைக்கு, உயிரோடிருந்த கடற்புல்லும் கெட்டது. நடுவதற்கு முன் இடத்தையும் இனத்தையும் கேட்கவும், மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிப் போய் எத்தனை நிற்கிறது என்று எண்ணவும் பழக்கியிருந்தால் அதுதான் சுற்றுச்சூழல் பாடம். நடுவிழாவுக்கு வரும் கூட்டம் எண்ணப் போவதில்லை.

அளப்பதற்கும் சொல்வதற்கும் இடையில் எவ்வளவு விழுந்துபோகும் என்பதை 2013 நவம்பர் 8 காட்டியது. பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் கரையைக் கடந்தபோது முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. கடல் பல மீட்டர் உயரத்துக்கு எழும்பும் என்றும் அரசு வானிலைத் துறை சொல்லியிருந்தது. ஆனால் டாக்லோபான் நகர மக்களில் பலர் காற்றுக்குத்தான் தயாராகியிருந்தார்கள். கடலே தெருவில் ஏறி வரும் என்பது மனதில் பதியவில்லை. பாதுகாப்பிடம் என்று நம்பி ஒதுங்கிய கட்டடங்களிலேயே நீரில் மாட்டி இறந்தவர்கள் உண்டு. நாடு முழுவதும் அரசுக் கணக்கில் 6,300 பேர் மாண்டார்கள். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நகருக்கு வந்தபோது இன்னொரு புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத் திடலில் மஞ்சள் மழைச்சட்டை அணிந்து திருப்பலி நிறைவேற்றிவிட்டுப் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். ஐந்து மாதம் கழித்து, சுற்றுச்சூழல் பற்றிய அவரது ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடல் வெளியானது.

அந்தத் திருமடலின் கடைசி இயல் கல்வியைப் பற்றியது. பிளாஸ்டிக்கைக் குறைப்பது, விளக்கை அணைப்பது, சாப்பிடும் அளவுக்கே சமைப்பது போன்ற அன்றாடப் பழக்கங்களை அது பட்டியலிடுகிறது. பள்ளிச் சுவர்களில் ஏறியது இந்தப் பட்டியல்தான். சில பத்திகள் தள்ளி, தனிமனிதர்களின் நற்செயல்களைக் கூட்டிவைத்தால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது, சமூகமாகச் சேர்ந்து இயங்க வேண்டும் என்று அதே மடல் சொல்வதை அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. பருவநிலைக்கு ஏற்பத் தகவமைதல் என்பது சுவரொட்டியில் அடங்கும் காரியம் அல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் பிலிப்பைன்ஸில் அனல் தாங்காமல் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் நேரடி வகுப்புகளை நிறுத்தினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மாறிப்போன கல்வியாண்டை, வெயில் உச்சத்தில் விடுமுறை வரும்படி மறுபடியும் ஜூனில் தொடங்கும் பழைய கணக்குக்கே கொண்டுவந்தார்கள். கூரைத் தகடு எவ்வளவு சுடுகிறது, வெள்ளம் வந்தால் எந்த மாடி வரை ஏறும், பள்ளி நிவாரண முகாமாக மாறினால் வகுப்பு எங்கே நடக்கும், அந்த முகாமில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்பவை தலைமை ஆசிரியர் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்விகள். அறநெறிப் பாடவேளையில் இவையும் வரலாம். வந்தால் அந்தப் பாடவேளைக்குப் பெருமைதான்.

இயற்கையை ஆட்டிப்படைக்கும் துணிவை மனிதனுக்குக் கொடுத்ததே விவிலியம்தானே, அந்தச் சமயமா இப்போது பாதுகாப்புப் பாடம் நடத்துவது என்று கேட்பவர்கள் உண்டு. வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் ஏறக்குறைய இதைத்தான் வாதிட்டார். பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்ற தொடக்கநூல் கட்டளையைக் கிறிஸ்தவர்கள் சில வேளைகளில் தவறாகப் புரிந்துகொண்டதுண்டு என்று பிரான்சிஸின் மடலே ஒப்புக்கொள்கிறது. வைட்டின் கட்டுரையைக் கடைசி வரை படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சூழலியலாளர்களின் பாதுகாவலராக அசிசி நகர் பிரான்சிஸை முன்வைத்துத்தான் அவர் அதை முடித்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். எல்லாம் கடவுள் சித்தம் என்று கைகட்டி நிற்கும் மனநிலை சமயத்தோடு ஒட்டி வருவது உண்மையென்றாலும், அதே சமயத்துக்குள் வேறொரு மரபும் இருக்கிறது. ஹவானாவின் பெலேன் கல்லூரியில் பெனிட்டோ வின்யேஸ் என்ற இயேசு சபைத் துறவி 1875இலேயே சூறாவளி முன்னறிவிப்பு வெளியிட்டார். 1900இல் அதே ஹவானாவில் இருந்தவர்கள் ஒரு சூறாவளி டெக்சாஸ் பக்கம் போகும் என்று கருதினார்கள். கியூபாவிலிருந்து வந்த எச்சரிக்கைத் தந்திகளைத் தடுத்துவைத்தது அமெரிக்க வானிலைத் துறை. கால்வெஸ்டன் நகரில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அன்று அறிவியலுக்குக் காது கொடுக்காமல் இருந்தது மதம் அல்ல.

சரி, அளப்பதும் அறிவிப்பதும் அறிவியல்தானே, இதில் நம்பிக்கைக்கு என்ன வேலை? இதுதான் இருப்பதிலேயே கூர்மையான கேள்வி. காற்றழுத்தமானிக்கு மதம் கிடையாது. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எண்பது ஆண்டு, நூறு ஆண்டு என்று யார் அதைப் பார்த்துக் குறிப்பது? திட்ட நிதி மூன்று ஆண்டில் முடியும், அரசு ஐந்து ஆண்டில் மாறும். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து, பேர் வாங்கும் அவசரம் இல்லாமல் ஒரு வேலையைத் தொடரும் பழக்கம் துறவற சபைகளிடம் உண்டு. 1945இல் மணிலாவில் நடந்த போரில் அந்த வானாய்வகம் அழிந்தது. மறுபடியும் எழுப்பினார்கள். இன்று அத்தெனேயோ பல்கலைக்கழக வளாகத்தில் இருந்துகொண்டு பருவநிலை ஆய்வும் தலைநகரில் தானியங்கி வானிலை நிலையங்களும் நடத்துகிறது. நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம்.மேத்யூ என்ற இயேசு சபைத் துறவி 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவி, தமிழகச் சமவெளியிலும் பழனி மலையிலும் செடிசெடியாகச் சேகரித்துப் பதிவுசெய்தார். ஒரு செடி முன்பு எந்த உயரத்தில் வளர்ந்தது என்று தெரிந்தால்தான் இப்போது மேலே ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியும். அந்தத் தாள்களைப் புரட்டக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கத்தோலிக்கப் பள்ளி, கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் வேற்று மதத்தவர் என்பதால் இது நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு ஏழைகளின் பெயரைச் சொல்வதா என்ற குற்றச்சாட்டை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பிலிப்பைன்ஸில் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அரசுப் பள்ளிகளில். பெயர்பெற்ற கத்தோலிக்க நிறுவனங்களில் கட்டணம் அதிகம். அத்தெனேயோ வளாகம் மேட்டில் இருக்கிறது, மரிகினா ஆற்றுப் பள்ளத்தாக்கு கீழே. 2009 செப்டம்பர் 26 அன்று ஒண்டோய் புயல் ஒரே நாளில் 455 மி.மீ. மழையைக் கொட்டியபோது மூழ்கியது கீழே இருந்த மரிகினா. பல்கலைக்கழகத்தார் வளாகத்தைத் திறந்து நிவாரணப் பொருள் சேர்த்துப் பிரித்து அனுப்பினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் நிவாரணம் தகவமைப்பு ஆகாது. மேட்டில் சேரும் அறிவு மழைக்கு முன்பே பள்ளத்துக்கு இறங்க வேண்டும். மிந்தனாவோ தீவின் புகித்னோன் மலைப்பகுதியில், பெந்தும் என்ற ஊரில் வேறொரு வழியைப் பார்க்கலாம். அங்கே இயேசு சபை சார்ந்த சூழலியல் நிறுவனம் ஒன்றின் துணையோடு புலாங்கியன் பழங்குடியினருக்கான பள்ளி நடக்கிறது. பாடம் தாய்மொழியில் தொடங்குகிறது. காடும் நீரூற்றும் பாடத்திட்டத்துக்குள் இருக்கின்றன. வெட்டவெளியில் புதுக்கன்று நடுவதைவிட, தானாக முளைத்த கன்றுகளைச் சுற்றிப் புல்லை ஒதுக்கிக் காட்டை மீளவிடும் முறைக்கு அங்கே மதிப்பு. சிறிய பள்ளிதான். ஆனால் யாருக்காகப் படிப்பு என்ற கேள்விக்கு அங்கே தடுமாற்றம் இல்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம், அதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு: தகவமைத்துக்கொள் என்று பாதிக்கப்பட்டவனிடம் சொல்வது, புகை விடுபவனைத் தப்பவிடுவதாகாதா? உலகப் பசுங்குடில் வாயுக்களில் பிலிப்பைன்ஸின் பங்கு ஒரு விழுக்காட்டைத் தொடாது. அடி வாங்குவதிலோ முன்வரிசை. அதே நேரம் அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆயர் பேரவை 1988இலேயே நாட்டின் இயற்கைச் சீரழிவைப் பற்றித் தனி மடல் எழுதியது. அதன் வழியில் 2022 ஜனவரியில் ஒரு படி மேலே போய், நிலக்கரி போன்ற அகழ்வுத் தொழில் முதலாளிகளிடம் நன்கொடை வாங்க மாட்டோம், நிலக்கரிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களிலிருந்து திருச்சபைப் பணத்தை எடுப்போம் என்று அறிவித்தது. பள்ளிகளுக்கு மரக்கன்றைவிட இது கடினமான வேலை, ஏனென்றால் விளையாட்டரங்கத்துக்கும் நூலகத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் யார் என்ற பேச்சு உடனே வந்துவிடும். ஓய்வூதிய நிதி எந்த வங்கியில் கிடக்கிறது, அந்த வங்கி எதற்குக் கடன் தருகிறது என்பதைப் பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவர்களே ஆண்டறிக்கையை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியும். அந்தப் பாடத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.