பஞ்சுப் பொம்மைக்கு யானைக் குரல்

பிரிஸ்பேனை அடுத்த ரெட்லாண்ட்ஸ் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்களிடம் நான் தவறாமல் சொல்லிவைப்பது ஒன்று உண்டு. நடுராத்திரியில் கொல்லைத் தைலமரத்தில் யாரோ குறட்டையும் ஏப்பமுமாக மாறிமாறி விடுவதுபோலச் சத்தம் கேட்டால் போலீஸைக் கூப்பிடாதீர்கள். அது ஆண் கோவாலா.

விமான நிலையக் கடைகளில் விற்கும் பொம்மையைப் பார்த்துவிட்டு அதை ஊமைப் பிராணி என்றே பலர் நினைக்கிறார்கள். தைல இலையில் சத்து குறைவு, செரிப்பதும் கடினம். அதனால்தான் நாளில் இருபது மணிநேரம் வரை தூங்குகிறது. துணை தேடி மரம் மரமாக அலைய அதற்குக் கட்டுப்படியாகாது. இருந்த இடத்திலிருந்தே கத்துகிறது.

எட்டு, பத்து கிலோ உடம்புக்கு அந்தக் குரல் கொஞ்சமும் பொருந்தாது. சிறிய விலங்குக்குக் குரல்நாணும் சிறிது, குரலும் கீச்சென்றுதான் இருக்க வேண்டும். கோவாலாவோ ஏறக்குறைய 27 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. யானை அளவு மிருகத்துக்கு உரிய சுருதி அது. ஆய்வாளர் பெஞ்சமின் சார்ல்டன் குழுவினர் 2013இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். குரல்வளைக்கு வெளியே, வாய்வழியும் மூக்குவழியும் சேரும் இடத்தில், நீண்டு தடித்த மடிப்புகள் தனியாக ஒரு ஜோடி இருக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது அவை அதிர்கின்றன. குறட்டை அங்கிருந்துதான் வருகிறது.

உடம்பு எவ்வளவு பெரிது என்பதும் அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். குயின்ஸ்லாந்தின் செயின்ட் பீஸ் தீவில் ஆய்வாளர் பில் எல்லிஸும் மற்றவர்களும் கோவாலாக்களுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டி, ஒலியையும் பதிவுசெய்து கவனித்தார்கள். போட்டிக்கு வரும் ஆணை விரட்டுவதைவிடப் பெண்ணை அழைக்கவே இந்தக் கத்தல் என்பது அவர்கள் முடிவு. பெரிய உடம்புக்காரன் யார் என்று கேட்டு, போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவள் அவள். பிடிக்காதவன் நெருங்கினால் வீறிட்டு அலறுவாள், அறையவும் செய்வாள். (அந்த அலறலை முதல்முறை கேட்பவர் தூங்குவது கஷ்டம்.)

குட்டி தாயிடம் மெல்லக் கீச்சிடும். ஆண் தன் நெஞ்சிலுள்ள சுரப்பியை அடிமரத்தில் தேய்த்து வாடையும் விட்டுவைக்கும்.

2022 பிப்ரவரியிலிருந்து குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி மூன்றிலும் கோவாலா அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அவை தரையிறங்கிச் சாலையைக் கடப்பது அதிகம். செப்டம்பர் பிறந்ததும் இரவில் நாயை வீட்டுக்குள் வையுங்கள், காரை மெதுவாக ஓட்டுங்கள்.