பெர்னாம் ஆற்றோரத்துப் பறவைகள்

பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடுவது பெர்னாம் ஆறு. தித்திவங்சா மலையில் பிறந்து, தஞ்சோங் மாலிம் நகரைத் தொட்டு, செம்பனைத் தோட்டங்களினூடே வளைந்து நெளிந்து, சபாக் பெர்னாமைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இக்கரையில் வாழும் நாம், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போதும், மாலையில் தூண்டிலோடு குந்தியிருக்கும்போதும் எத்தனையோ பறவைகளைக் காண்கிறோம். பெயர் தெரியாததால் எல்லாவற்றையும் 'குருவி' என்று சொல்லிவிடுகிறோம்.

மேட்டுக் கரையிலிருந்து தொடங்குவோம். நீலச் சிறகு, காப்பி நிறத் தலை, வெள்ளை மார்பு, சிவந்த பெரிய அலகு. இது வெண்மார்பு மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி, ஓணான், வெட்டுக்கிளி, நண்டு, எது கிடைத்தாலும் தின்னும். மலாய்க்காரர்கள் மீன்கொத்தியை 'ராஜா ஊடாங்', அதாவது இறால் ராஜா என்கிறார்கள். இந்த ராஜாவுக்கு மரத்தில் கூடு கிடையாது. செங்குத்தான மண்கரையை அலகால் குடைந்து, வளையின் கோடியில் முட்டையிடும். ஆகவே கரை சரிந்தாலோ, மணல் அள்ளுகிறவர்கள் கரையை வெட்டினாலோ அதற்கு வீடில்லை.

தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் 'ருவாக், ருவாக்' என்று விடாமல் கத்துவது கானாங்கோழி. அந்தக் கத்தலே அதற்கு மலாயில் பெயராகிவிட்டது. முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு, வாலடி செம்மண் நிறம். மாடு மேயுமிடத்தில் நிற்பது உண்ணிக்கொக்கு. மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகள்தான் அதற்கு இரை. பெரும்பாலும் ஆண்டுக் கடைசி மாதங்களில் வடக்கேயிருந்து வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பும். போகும்முன் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசியதுபோல் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

காகம் நம்மைப் போலவே கடல் கடந்து வந்த குடி. காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காக நூறாண்டுகளுக்கும் முன்பு இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் போகவில்லை.

ஆற்றின் முகத்துவாரத்தில், சதுப்புநில மரங்களுக்கு மேலே வட்டமிடுவது செம்பருந்து. வெள்ளைத் தலையையும் செம்பழுப்பு உடலையும் கண்டதும் 'கருடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் இரவில் வேறொரு பறவை கத்தினால் அதே கையால் கல்லெடுக்கிறோம். அதுதான் கூகை. சாக்குருவி என்று பெயர் வைத்து ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால், செம்பனை வரிசையின் ஓரத்தில் கூகைக்கென்று கம்பத்தின்மேல் ஒரு பெட்டி வைத்தார்கள். செம்பனையில் கூடு வைக்கப் பொந்து கிடைக்காது. ஜோடியொன்று குடியேறிக் குஞ்சு பொரித்திருந்த சமயம், லயத்தில் ஒரு பெரியவர் காலமானார். பல மாதம் நோயாய்க் கிடந்தவர்தாம். பழி மட்டும் கூகைமேல் விழுந்தது. இரவோடு இரவாக யாரோ பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். காலையில் நாங்கள் போனபோது குஞ்சுகள் இறந்து கிடந்தன. கோபம் வந்தது, யாரைக் கோபிப்பது? பறவையைப்பற்றி நாங்களும் அதுவரை பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்ததில்லை.

பெட்டி இருந்த இடத்தில் கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும். அவற்றை எடுத்துவந்து, வெந்நீரில் ஊறவைத்து, குச்சியால் பிரித்தோம். (கையால் தொடக்கூடாது, பிறகு சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.) முதல் உருண்டையில் இரண்டு மண்டையோடுகள், அடுத்ததில் மூன்று. உளிபோன்ற மஞ்சள் முன்பற்கள் அப்படியே இருந்தன. பிள்ளைகள் அவற்றை அட்டையில் ஒட்டி லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

ஒரு கூகை ஓர் இரவில் 2, 3 எலிகளைத் தின்னும். ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு 1,000 எலிகளுக்குமேல் தீர்த்துவிடும் என்பது ஆராய்ந்தவர்கள் கணக்கு. நம் நாட்டில் இது 1960களின் இறுதியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குஞ்சு பொரித்தது கண்டறியப்பட்டது. எலி எங்கே பெருகியதோ அங்கே கூகையும் வந்தது. எலி பழக்குலையைத் தின்பதோடு நிற்பதில்லை. அதன் சிறுநீர் கலந்த வாய்க்கால் நீரில் புண்பட்ட காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். கவனியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. செம்பனையடியில் வைக்கும் எலிமருந்துக் கட்டியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகைக்குச் சுலபமாக அகப்படும். புதிய, வீரியமான மருந்துகள் எலியின் ஈரலில் தங்கி, அதைத் தின்ற கூகையையும் கொல்கின்றன. ஆகவே பெட்டிக்கு அருகில் மருந்து வைக்கச் சொன்னால் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொல்லையில் எறியாதீர்கள். செத்த எலி கிடந்தால் ஆழமாகப் புதையுங்கள்.

பெட்டியை மறுபடி நிறுத்தியபின் பல மாதங்கள் எதுவும் வரவில்லை. பிறகு ஓர் இரவு அந்தக் கிறீச்சென்ற ஒலி கேட்டது. மறுநாள் காலையில், காலமான பெரியவரின் மனைவி பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்று, "வாத்தியாரே, திரும்ப வந்திருச்சு போலிருக்கே" என்றார்.