அடைத்த பல் ஏன் வலிக்கிறது?

ஆழமான சொத்தையை அடைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் மறுநாளே கேட்பது இதைத்தான்: "அடைச்ச அப்புறமும் வலிக்குதே, டாக்டர் சரியாப் பண்ணலையா?" பெரும்பாலும் அவர் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனாலும் எல்லா வலியும் தானாக அடங்கிவிடுவதில்லை. எது அடங்கும், எது அடங்காது என்பதை நோயாளியே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

பல்லின் மேலே எனாமல், அதற்கடியில் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த மென்மையான கூழ். சொத்தை கூழை நெருங்கிவிட்ட பல்லில் அழுகிய பகுதியைச் சுரண்டி எடுக்கும்போதே கூழ் கொஞ்சம் புண்படும். உடம்பில் பெரும்பாலான இடங்களில் வீங்கினால் சதை விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் வீங்க இடமில்லை. சுற்றிலும் கெட்டிச் சுவர். அத்தனை சிறிய இடம் அத்தனை பெரிய வலியைத் தருவது இதனால்தான்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்று கூசி, சில நொடிகளில் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ குறைந்துகொண்டே வரும். குறைந்துகொண்டே வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கடிக்கும்போது மட்டும் வலித்தால், அடைத்த இடம் ஒரு மயிரிழை உயரமாக நின்றிருக்கலாம். மருத்துவர் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடு தெரியும் இடத்தைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. சில நிமிட வேலை. "பழகிவிடும்" என்று மாதக்கணக்கில் மறுபக்கமாகவே மென்றுகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அதற்குள் பல்லைத் தாங்கும் சவ்வும் வீங்கி, தொட்டாலே வலிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

ஒன்றும் படாமலேயே விண்விண்ணென்று தெறிப்பது, சூடான காபி குடித்தபின் நெடுநேரம் நீடிப்பது, படுத்தால் கூடுவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது: இவை கூழ் இனி மீளாது என்பதற்கான அடையாளங்கள். வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால் செய்ய வேண்டும். இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வலியை ஆற்றாது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் அதற்கு வேலை. அதையும் மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

சீட்டு இல்லாமல், பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் டைக்ளோஃபினாக் இருந்தால் சிறுநீரகக் கோளாறோ குடல் புண்ணோ உள்ளவருக்குக் கேடு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரும் கர்ப்பிணியும் இப்படிப்பட்ட வலி மாத்திரைகளைத் தாமாக எடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். கிராம்பு எண்ணெயை ஊற்றுவது, புகையிலையை அடக்கிக்கொள்வது, ஆஸ்பிரினைப் பல்லோரம் வைப்பது எல்லாம் ஈறையும் கன்னத்தையும் புண்ணாக்கலாமே தவிர, வலியின் காரணத்தைத் தீர்க்காது.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. தாடைக்கடியில் கெட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் உடனே 108. நம் வளவனூரிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீக்கம் வேகமாகப் பரவும்.

வாணியம்பாடியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய், 2022, 2023-ல் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு கொத்தாகத் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் மற்ற ஆய்வாளர்களும் அதைத் துருவி, 2025-ல் லான்செட் குழும இதழில் வெளியிட்டார்கள். அந்நோய் கண்டவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்திருந்தார்கள். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அரைகுறையாக மூடி, அதையே அடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதுதான் காரணமாகச் சுட்டப்பட்டது. பல் சிகிச்சைக்காகப் போனவர்கள் அவர்கள். இந்த நோய் மிக அரிது; அதற்காகப் பல் மருத்துவரிடம் போகாமலிருக்க வேண்டியதில்லை. ஆனால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்த உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுக்கிறார்களா, சலைன் புதிதாகத் திறந்ததா என்று கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொள்ளும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. சமிரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: என்ன சிகிச்சை, எதற்கு, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிய பிறகு பெறுவதுதான் ஒப்புதல். பல்லுக்கும் அது பொருந்தும். "குழி ஆழமா இருக்கு. அடைச்சுப் பாக்கலாம், வலி நிக்கலன்னா ரூட் கெனால் பண்ண வேண்டி வரும், அதுக்கு இவ்வளவு ஆகும்" என்று முன்னரே சொல்லிவிடும் மருத்துவரிடம் பின்னால் சண்டை வருவது அரிது. சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பெயரும் பதிவெண்ணும் உள்ள சீட்டு, பணம் கட்டியதற்கு ரசீது, எந்தப் பல், என்ன பொருளால் அடைத்தார்கள் என்ற குறிப்பு ஆகியவையும் கைக்கு வர வேண்டும். பல் மருத்துவர்கள் நோயாளி பற்றிய பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்பது அவர்களுடைய நெறிமுறை விதி. துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தரும் இடங்களில், பின்னாளில் நிரூபிக்க நம் கையில் ஒன்றும் இருக்காது.

வலி வந்ததாலேயே தவறு நடந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. சிகிச்சை பலிக்காதது வேறு, கவனக்குறைவு வேறு என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே தீர்ப்பாகிவிட்டது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆழமான சொத்தையில் எவ்வளவு திறமையாக அடைத்தாலும் சில பற்களில் கூழ் செத்துப்போகத்தான் செய்யும். மாறாக, தவறான பல்லில் கை வைத்தது, கருவி உள்ளே முறிந்ததை மறைத்தது, வீக்கத்தோடு வந்தவரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பியது போன்றவை கேட்கத் தக்கவை. முதலில் அதே மருத்துவரிடம் போங்கள். மேட்டைத் தேய்த்துவிட்டாலே தீருகிற வலிகளும் உண்டு. திருப்தி இல்லையென்றால் புதுச்சேரியிலுள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கு என்று போனால் அந்தக் காகிதத்துக்குத் தனி மதிப்பு.

மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். பதிவு இல்லாத, சுத்தமில்லாத கிளினிக் என்றால் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவருக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையம். இந்த வாசல் எளிதாகத் திறக்கவில்லை: மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் சொன்னது, வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. அங்கே நடந்த குறைக்கு 104-ல் சொல்லலாம்.

குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; பல் அடைத்த செலவு அதன் பக்கத்தில்கூட வராது. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். 1915-ல் அழைத்து வழி கேட்டுக்கொள்ளலாம். நம் ஊர்க்காரர்கள் பலர் அறியாதது இன்னொன்று: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்லைப் புதுச்சேரியில் போய் அடைத்திருந்தாலும், குடியிருப்பது வளவனூரில் என்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.