உளநூல் ஆராய்ச்சியில் நோக்கமும் கருதுகோளும்

உளநூல் ஆராய்ச்சியிற் புகும் மாணாக்கர் நோக்கத்தையும் கருதுகோளையும் ஒன்றென மயங்குவதுண்டு. நோக்கமாவது நாம் அறிய விழைவது. கருதுகோளாவது அதற்கு விடை இதுவாகலாம் என முன்னரே கருதிக் கூறுவது. முன்னது வினா, பின்னது சோதனைக்கு உட்பட்டுப் பொய்யாதற்கும் இடந்தரும் விடை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மயிலையில் வாழ்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பெயரரும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்றவருமான வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோர் பலர் இல்லாத கை இருப்பதாக உணர்ந்து வலியும் உறுவது ஏன் என அறிய விழைந்தார். இது நோக்கம். மூளையிற் கைக்குரிய பகுதியை, அதன் அயலிலுள்ள முகத்துக்குரிய பகுதி கவர்ந்துகொண்டது என்பது கருதுகோள். அஃது உண்மையாயின், கன்னத்தைத் தீண்ட, இல்லாத கையில் உணர்ச்சி தோன்றல் வேண்டும். கண்ணை மூடுவித்துப் பஞ்சுமுனையால் தீண்டியபோது சிலர்க்கு அவ்வாறே தோன்றிற்று. 1992-இல் இச்செய்தி வெளியாயிற்று.

ஆயினும் ஆராய்ச்சி ஆங்கு முடிந்திலது. கை நீக்கப்படுமுன்னும் பின்னும் மூவரின் மூளையை ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, கைக்குரிய பகுதி பெரிதும் மாறாதிருத்தலைக் கண்டது. கருதுகோள் தளர்ந்தது, நோக்கமோ நிலைத்து நிற்கின்றது.

ஆதலின் ஆய்வு தொடங்குமுன் இரண்டனையும் தனித்தனியே எழுதிவைத்தல் நன்று. முடிவைக் கண்டபின் கருதுகோளை அதற்கியைய மாற்றி எழுதுவோன், விளைந்ததைக் கண்டபின் விதைத்தது இன்னதென்பானை ஒப்பான். வலியுற்று வாடுவோர்க்கு அத்தகைய விடையால் யாது பயன்?