எது புயல் என்று கணினிக்கு யார் சொல்வது?

இந்த நூற்றாண்டின் இறுதியில் வங்கக் கடலில் புயல்கள் கூடுமா, குறையுமா? காலநிலை மாதிரியை மீத்திறன் கணினியில் நாள்கணக்கில் ஓட்டினாலும் நேரான பதில் வராது. வருவதெல்லாம் எண்கள்: உலகத்தின்மேல் விரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம். ‘இங்கே புயல்’ என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்காது. கடந்த காலத்துக்கும் இதே கதைதான். ஐரோப்பிய வானிலை மையத்தின் ‘ஈஆர்ஏ5’ தொகுப்பு 1940 முதல் உலக வானிலையை மணிக்கு மணி, சுமார் 31 கி.மீ. இடைவெளியில் தருகிறது. அத்தனையையும் கண்ணால் பார்த்துப் புயல்களைக் குறித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது.

அந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களில் ஒன்று ‘டெம்பஸ்ட் எக்ஸ்ட்ரீம்ஸ்’. அமெரிக்காவில் பணியாற்றும் பால் உல்ரிச், காலின் ஸார்ஸிக்கி இருவரும் 2017-இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அது கடல்மட்ட அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்திருக்கும் புள்ளிகளைத் தேடும். அப்புள்ளியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் 5.5 பாகைக்குள், அதாவது ஏறக்குறைய 600 கி.மீ.க்குள், அழுத்தம் 2 ஹெக்டோபாஸ்கலாவது ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறாவிட்டாலும் தள்ளுபடி.

அடுத்த சோதனைதான் கெட்டிக்காரத்தனமானது. வெப்பமண்டலப் புயலின் நடுப்பகுதி, நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்தால் சூடேறியிருக்கும். சூடான காற்று விரியும். ஆகவே ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் உயரத்துக்கும் இடைப்பட்ட காற்றடுக்கு புயலின் மையத்துக்கு மேலே தடித்திருக்கும். வெளியே போகப் போக மெலியும். ஐரோப்பாவைத் தாக்கும் குளிர்காலப் புயல்களின் நடுப்பகுதி பொதுவாகக் குளிர்ந்தது. அவை இங்கே தோற்றுவிடும்.

பிறகு தையல் வேலை. ஆறு மணிக்கொருமுறை கிடைத்த புள்ளிகளை, எட்டுப் பாகைக்குள் இருந்தால் ஒரே புயல் என்று நிரல் கோத்துக்கொள்ளும். இடையே ஒரு நாள்வரை காணாமற்போனாலும் பொறுத்துக்கொள்ளும். காற்று விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. இருந்தாலே போதும். நம் வானிலை மையம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல் என்கிறது. ஏன் இந்தத் தாராளம்? பெரிய கட்டங்களில் புயற்கண்ணைச் சுற்றிய உக்கிரம் சராசரியாகித் தேய்ந்துவிடுகிறது.

அழுத்தம் ஏற வேண்டிய அந்த 2 ஹெக்டோபாஸ்கலை 3 ஆக்கினால் என்ன ஆகும்? இதையும் அந்த இருவரே சோதித்தார்கள். பலத்த, நெடுநாள் நீடிக்கும் புயல்கள் எந்த அளவுகோலிலும் சிக்கிவிடுகின்றன. நோஞ்சான் புயல்கள்தாம் வருவதும் போவதுமாக இருக்கின்றன. அதனால் மொத்த எண்ணிக்கை ஆடுகிறது. புயல்களின் வலிமையைக் கூட்டிக் கணக்கிடும் ஆற்றல் அளவு அந்த அளவுக்கு ஆடுவதில்லை. என்னைக் கேட்டால், புயல் எண்ணிக்கை பற்றிய தலைப்புச் செய்திகளைவிட இந்த ஆற்றல் கணக்கையே நம்புவேன்.

‘வளிமண்டல ஆறு’ விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். கலிபோர்னியாவில் மழை கொட்டும் இந்த நீராவிப் பட்டைகளுக்கு எல்லைக்கோடு எங்கே? ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு கோடு கிழித்ததால், ஒரே தரவைக் கொடுத்து முறைகளை ஒப்பிடவே ‘ஆர்ட்மிப்’ என்ற தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

நமது தென்மேற்குப் பருவமழைக்குப் புயல் விதி ஒத்துவராது. வங்கக் கடலில் தோன்றி வட இந்தியாவை நனைக்கும் தாழ்வுப் பகுதிகள் ஏற்கெனவே அழுத்தம் குறைந்த வட்டாரத்தில் பிறப்பவை. அழுத்தத்தை மட்டும் வைத்து அவற்றைப் பிரித்தறிவது கடினம். 2020-இல் விஷ்ணு, வில்லியம் பூஸ், உல்ரிச் உள்ளிட்ட குழு வெவ்வேறு அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றோட்டத்தின் சுழற்சியைக் காட்டும் ‘ஓட்டச் சார்பு’ மற்றவற்றைவிட நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டது. எது நன்று என்று மதிப்பெண் போட அவர்கள் கையில் வைத்திருந்த விடைத்தாள், வானிலை வரைபடங்களைப் பார்த்து மனிதர் கையால் தொகுத்த பட்டியல்.